கண்ணு பட்ட விமானம்

உப்போடைப்பட்டி மந்தையில் நின்ற யுத்தகாலத்து விமானம் இளைத்துக்கொண்டு வருகிறது என்பதை ஊரில் முதலில் கண்டவள் டீக்கடை பேராச்சிதான், கண்டதும் அவள் ஆச்சரியப்படவில்லை, ஆத்திரப்பட்டாள், ஏனென்றால் காலை வெயிலில் நிழலுக்குள் இருக்கவேண்டிய அவளுடைய கடைசி பெஞ்சு அன்றைக்கு வெயிலில் கிடந்தது, அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டுத்தரகர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "என்ன பேராச்சி, பெஞ்ச நகத்திட்டியா?" என்று கேட்டார். பேராச்சி பெஞ்சை நகர்த்தவில்லை. பெஞ்சின் கால்கள் கரிசல் மண்ணில் புதைந்து வருஷக்கணக்காகிறது. நகர்ந்தது நிழல். நிழல் நகர்ந்ததென்றால் இறக்கை குட்டையாகியிருக்கிறது, இதில் மண்டையைக் குடைந்துகொள்ள ஒன்றுமில்லை.

அந்தப் பக்கத்தில் மரம் என்று சொல்லிக்கொள்ள உடையும் பனையும்தான் உண்டு, நிழல் கொடுப்பதில் இரண்டுமே கஞ்சம். ஆகையால் விமானத்தின் இடது இறக்கைக்குக் கீழேதான் ஊர் உட்கார்ந்தது, ஊர் உட்கார்ந்த இடத்தில்தான் பேராச்சி கடை போட்டாள். வெள்ளைக்காரன் காலத்தில், சண்டை எங்கோ கடலுக்கு அப்பால் நடந்துகொண்டிருந்தபோது, மந்தையைச் சமப்படுத்தி ஓடுதளம் போட்டார்கள், விமானங்கள் வந்தன, போயின, சண்டை முடிந்ததும் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின, நாலு எஞ்சின் வைத்த இந்தப் பெரியது மட்டும் ஒரு ஐப்பசி மழையில் கரிசலில் சிக்கிக்கொண்டது. ஏறிப் பறக்க மண் விடவில்லை. சாலைவழி இழுத்துப் போகலாமென்றால் ஓடைப்பாலத்தைவிட அதன் வயிறு அகலம். இறக்கையை வெட்டினால்தான் எடுக்கலாம், வெட்டினால் பிறகு ஒட்டாது என்றார்கள், அதனால் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

விட்டுவிட்டுப் போனதைப் பாதுகாக்க ஒரு அரசாங்கப் பிரிவு இருந்தது, அந்தப் பிரிவுக்கு எபனேசர் சார் என்றொரு அதிகாரி இருந்தார். பழைய போர்விமானங்களைக் கெடாமல் வைத்திருப்பதுதான் அவர் உத்தியோகம். வருஷம் தவறாமல் சென்னையிலிருந்து ரயிலேறி வருவார், வந்ததும் விமானத்தின் வயிற்றைத் தடவிப் பார்ப்பார், விரலில் வெள்ளையாக மாவு ஒட்டும், அலுமினியம் உப்பளக் காற்றில் அரித்து உதிர்கிற மாவு அது, அதைப் பார்த்ததும் பேராச்சி கடையில் உட்கார்ந்து ஒரு பாடு புலம்புவார். எஞ்சினுக்குள் குளவி. வாலுக்குள் அணில். மழை பெய்தால் கரிசல் பொங்கி ஒரு சக்கரத்தைத் தூக்கும், கோடை வந்தால் பிளந்து மறு சக்கரத்தை விழுங்கும். வாலில் ஆரம்பித்த பெயிண்டு மூக்குக்கு வந்து சேர்வதற்குள் வாலில் உரிந்துவிடும். கூரை போட்டால் எல்லாம் தீரும், ஆனால் அவ்வளவு பெரிய கூரையை அந்த ஜில்லாவில் யாரும் போட்டது கிடையாது. "இருக்கிறதிலேயே பெருசுங்கிறதுதான் இதோட பெருமை, இதோட வியாதியும் அதுதாம்மா" என்பார் எபனேசர் சார், பேராச்சி அவருக்குச் சர்க்கரை கூடுதலாகப் போட்டு இன்னொரு டீ கொடுப்பாள்.

அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று என்று ஊர் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நாற்கரச் சாலை வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமையானால் திருச்செந்தூருக்குப் போகிற கார்களெல்லாம் மந்தையில் ஒதுங்கும், இறங்குகிறவர்கள் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்து, "யாத்தே, எத்தாத் தண்டி!" என்பார்கள், ஒருவர் சொல்லி ஓய்வதற்குள் அடுத்தவர் சொல்வார், குழந்தைகள் சொல்வார்கள், டிரைவர்கள் சொல்வார்கள். ஒரு பச்சைப் பிள்ளையைப் பார்த்து இப்படி நாலு பேர் சொன்னால் அன்று சாயங்காலமே அது பால் குடிக்காது. இத்தனை வருஷமாக இத்தனை பேர் சொல்லியும் விமானம் இவ்வளவு நாள் தாங்கியதே அதன் உடம்பு வாகு என்று ஊர் பேசிக்கொண்டது.

செய்யவேண்டியதைச் செய்தார்கள். ரோடு போடுகிறவர்களிடம் தார் வாங்கி விமானத்தின் இடது கன்னத்தில் அண்டா மூடி அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். நாலு எஞ்சின் விசிறிகளிலும் பூசணிக்காய் கட்டினார்கள். டிராக்டரில் உப்பும் மிளகாய் வற்றலும் மூட்டையாக ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டுவந்து மந்தை நடுவில் குவித்துத் தீ வைத்தார்கள். அத்தனை மிளகாய் எரிந்தும் ஒரு ஆள் இருமவில்லை, ஒரு தும்மல் கிடையாது, நெடியே இல்லை. கண்ணுதான், சந்தேகமில்லை என்று எல்லாருக்கும் நிம்மதியாயிற்று.

அப்படியும் நிழல் சுருங்குவது நிற்காததால், பேராச்சிதான் யோசனை சொன்னாள். "பெருசு பெருசுன்னு சொல்லப்போயித்தானே இந்தக் கதி? இனிமே வாரவுக எல்லாம் சின்னதுன்னு சொல்லட்டும். நம்ம பிள்ளைகளுக்கு நாம அப்படித்தானே சொல்லுதோம்." ஊர் முழுக்க இதை ஏற்றுக்கொண்டது. பிள்ளை வளர்த்த வீடுகளில் இது தெரியாத வீடு ஏது? சிவப்பாகப் பிறந்தால் கறுப்பி என்பார்கள், புத்திசாலியாக இருந்தால் மக்கு என்பார்கள், எல்லாம் பாசத்தில் சொல்வதுதான். மந்தையின் வாசலில் பலகை மாட்டினார்கள்: 'விமானத்தைப் பார்த்து வியக்கக் கூடாது.' ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கோமதிநாயகம் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மாவட்டத்திலேயே முதல் மார்க்கு வாங்கிய பையன் மாலையோடு காலில் விழுந்தபோது, "மிச்ச மார்க்கு எங்கடே போச்சு?" என்று கேட்டவர் அவர், அந்தத் தொழிலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"பெண் பார்க்க வந்து பிடிக்காமப் போற வீட்டுக்காரங்க எப்படி நிப்பாங்களோ, அப்படி நில்லுங்க" என்று சொல்லிக்கொடுப்பார் வாத்தியார். "மூக்கை லேசாச் சுருக்குங்க. ஆங். இப்பச் சொல்லுங்க, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

கார்க்காரர்கள் சொன்னார்கள். இத்துணூண்டு என்றார்கள். எங்க மாமா ஊர்ல இதைவிடப் பெரிய பஸ் இருக்கு என்றார்கள். விமானம் கேட்டுக்கொண்டு நின்றது, கேட்கக் கேட்க இன்னும் வேகமாகச் சிறுத்தது. சொன்னது போதவில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்திச் சொன்னது.

நிழல் சிறுக்கச் சிறுக்கப் பெஞ்சுகளைப் பெயர்த்து உள்ளே உள்ளே போட்டாள் பேராச்சி. வரப்புத் தகராறில் பத்து வருஷமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே பெஞ்சில் தொடை இடிக்க உட்கார வேண்டியதாயிற்று, முதல் வாரம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தார்கள், இரண்டாம் வாரம் ஒருவர் தும்மியதற்கு மற்றவர் "நூறு" என்றார், அதற்குப் பிறகு நிழலே இல்லாமல் போனபோதும் அவர்கள் அப்படியே நெருங்கி உட்கார்ந்துகொண்டு வெயிலைத் திட்டினார்கள். விமானம் லாரி அளவுக்கு வந்தது, அப்புறம் மாட்டுவண்டி அளவுக்கு வந்தது. கட்டில் அளவுக்கு வந்தபோது மழை வருகிறாற்போல் இருக்கிறதே என்று நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டுவந்து பேராச்சி கடைக்குள் வைத்தார்கள்.

எபனேசர் சார் அந்த வருஷம் வந்தபோது ரயிலடியிலிருந்தே அழுதுகொண்டு வந்தார். கடைக்குள் வந்து பார்த்தார். பிஸ்கட் பாட்டில்களுக்குப் பக்கத்தில், ஒரு அருவாமனை நீளத்துக்கு, நாலு எஞ்சினும் கன்னத்தில் கடுகளவு தார்ப்பொட்டுமாக நின்றது விமானம். குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். மாவு ஒட்டவில்லை. குளவி இல்லை, அணில் இல்லை, துரு இல்லை. தலைக்குமேல் கூரை இருந்தது. ஒரு ஸ்பூன் பெயிண்டில் மூக்கிலிருந்து வால்வரை அவரே அடித்து முடித்தார், அடித்து முடிக்கும்போது வாலில் உரியவில்லை, அதைப் பார்த்து மறுபடியும் அழுதார், ஆனால் இந்த அழுகை வேறு.

"எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துட்டும்மா" என்றார். "முப்பது வருஷமா இதுக்குக் கூரை போடணும் கூரை போடணும்னே இருந்துட்டோமே. இதைச் சின்னதாக்கலாம்னு ஒருத்தனுக்கும் தோணல."

மேலிடத்துக்கும் பிடித்துப்போயிற்று. பழைய பெரிய விமானங்களை என்ன செய்வதென்று தெரியாமல் நாடெங்கும் விழித்துக்கொண்டிருந்த ஊர்களெல்லாம் உப்போடைப்பட்டிக்கு அனுப்ப ஆரம்பித்தன. கப்பல் மாதிரி வயிறு வைத்த தண்ணீர்விமானம் ஒன்று துண்டு துண்டாக நாலு டிரெய்லரில் வந்தது, மாலைபோட்டு வரவேற்றார்கள், பத்தாம் நாள் மிட்டாய் டப்பாவில் திரும்பிப்போயிற்று. ஒரு பீரங்கி வண்டி வந்தது, அது கொஞ்சம் அழுத்தக்காரன், எதற்கும் அசையவில்லை, கோமதிநாயகம் வாத்தியார் அதன் முன்னால் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் ஒன்றுமே சொல்லாமல் பெருமூச்சு மட்டும் விட்டார், ஆமை அளவுக்கு வந்துவிட்டது. ஊருக்குத் தொழில் கிடைத்தது. மாமியார்கள் முறைவைத்து வந்தார்கள். ஆனாலும் கடினமான உருப்படி வந்தால் எல்லாரும் பேராச்சியைத்தான் கூப்பிட்டார்கள், டீ ஆற்றிக்கொண்டே ஒரு வார்த்தை விடுவாள், "இதுவா? இது பறக்கவா செஞ்சிச்சு?" என்பாள், அது அந்த இடத்திலேயே ஒரு முழம் இறங்கும். அவளுக்கு மட்டும் இது எப்படிக் கைவந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

பேராச்சிக்கு ஒரு மகள். பெயர் வடிவு. வடிவு உயரம். சும்மா உயரமில்லை, ஊரில் எந்த நிலைவாசலிலும் தலைகுனியாமல் நுழைய முடியாத உயரம், ரேஷன் கடை வரிசையில் நின்றால் அவள் தலை மட்டும் தனியாகத் தெரியும், அப்படி. கைப்பந்து ஆடுவாள். வலைக்குமேல் எழும்பி அவள் அடித்த பந்தை எதிராளிகள் தொடப் போவதில்லை, ஒதுங்கி வழிவிடுவார்கள். அவள் வாங்கிவந்த மெடல்களை எல்லாம் பேராச்சி அரிசி டிரம்முக்குள் புதைத்துவைத்திருந்தாள், சோறு பொங்க அரிசி அள்ளும்போது சில நாள் ஒன்று படியில் வந்து விழும், மறுபடி அடியில் அமுக்கிவிடுவாள். "உன் மக நல்லா ஆடுதாளாமே" என்று யாராவது கேட்டால், "அது எங்க ஆடுது, பந்து வந்து அது கையில படுது" என்பாள். வடிவுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தது. கொழுகொழுவென்று இருக்கும், தெருவில் தூக்கிக்கொண்டு போனால் வாங்கிக் கொஞ்சாதவர்கள் கிடையாது, எல்லாரும் வாய்விட்டுச் சொன்னார்கள், பேராச்சியும் மகிழ்ந்துபோய் ஆமா ஆமா என்றாள். ஒரு மாசி மாதக் காய்ச்சலில் அது போய்விட்டது. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். குனிஞ்சு நட என்றாள், பனைமரம் என்றாள், உன்னை எவன் கட்டுவான் என்றாள், ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மகளைச் சுற்றி ஒரு வேலி போட்ட மாதிரி அவளுக்கு இருந்தது.

வடிவின் சுடிதார்க் கால் தரையில் இழுபடுவதை அவள் கவனித்தாள். துணி துவைக்கத் துவைக்கத் தொய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். உத்தரத்து ஆணியிலிருந்து டீத்தூள் பையை எடுக்க வடிவு முக்காலி போட்டபோது, ஏதோ இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டாள். ஊரெல்லாம் அளந்து பார்க்கிறவளுக்கு வீட்டில் இருந்தது கண்ணில் படவில்லை. தூத்துக்குடியில் வெள்ளிக்கிழமை ஒரு தேர்வு இருந்தது, அதில் எடுத்துவிட்டால் அணியில் இடம், இடத்தோடு ரயில்வேயில் வேலை, அதற்காக மூன்று வருஷமாக விடிகாலையில் எழுந்து ஓடிக்கொண்டிருந்த பெண், திங்கட்கிழமை சாயங்காலம் மைதானத்திலிருந்து சீக்கிரமே வந்து பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னட்டி, அதுக்குள்ள வந்துட்ட?"

"வலையை உசத்திக் கட்டிட்டாங்கம்மா" என்றாள் வடிவு. "நாளுக்கு நாள் உசத்துதாங்க. எனக்கு எட்ட மாட்டேங்குது."

வலையை யாரும் உயர்த்தவில்லை என்பது பேராச்சிக்கு அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள், எழுந்து நிற்கச் சொன்னாள். எழுந்து நின்ற வடிவின் தலை அவளுடைய தோளுக்குக் கீழே இருந்தது. ஆற்றிக்கொண்டிருந்த டீ அவள் கைமேல் கொட்டியது, கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. நான்தான் செய்தேன், என் வாய்தான் செய்தது என்று அவளுக்குப் பட்டது. அலமாரியில் விமானம் பிஸ்கட் பாட்டில்களுக்கு நடுவே பளபளவென்று, துருவில்லாமல் இருந்தது.

மருந்து என்னவென்று தெரிந்தது, எடுப்பதுதான் பாடு. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தை வாய்க்கு வரமாட்டேன் என்றது. "உன்னை மாதிரி" என்று தொடங்கினால் "ஒரு சோம்பேறி உண்டுமா" என்று தானாகப் போய் முடிந்தது, வடிவு இன்னொரு விரல்கடை இறங்கினாள். பேராச்சி பயந்துபோய் வாத்தியார் வீட்டுக்கு ஓடினாள்.

"சார், ஒரு பிள்ளையப் பாத்து நல்லா இருக்கேன்னு எப்படிச் சார் சொல்லணும்?"

கோமதிநாயகம் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரவாயில்லை, அப்படிங்கலாம்" என்றார்.

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல நமக்குப் பழக்கமில்லம்மா." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "என் மகன் கனடாவுல இருக்கான். போன்ல பேசும்போது குரல் ரொம்பச் சின்னதாக் கேக்குது. லைன் சரியில்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்." பேராச்சி எழுந்து வந்துவிட்டாள்.

இன்னொரு சிக்கல் இருந்தது, அது எபனேசர் சார். பெரிய பெரிய அதிகாரிகள் வெள்ளிக்கிழமை காலையில் விமானத்தைப் பார்க்க வருகிறார்கள், கடை இருந்த இடத்தில் சிமென்டுக் கட்டடம் வரப்போகிறது, முன்னால் டீக்கடை, பின்னால் அருங்காட்சியகம், பேராச்சிதான் பொறுப்பு. அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் விமானத்துக்குமேல் புதிதாக வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இங்கவச்சு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. இதுக்குக் கேட்டுச்சுன்னா போச்சு. மந்தைக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லுங்க, காதோட காதாச் சொல்லுங்க."

அதையும் செய்து பார்த்தாள். ஓடைக்கரைக்கு வடிவைக் கூட்டிப்போய், சுற்றுமுற்றும் பார்த்து, காதோரம் குனிந்து, நீ நல்லாத்தான் ஆடுத என்று முணுமுணுத்தாள். வடிவு நம்பவில்லை. "எதுக்கும்மா ஒளிஞ்சுக்கிட்டுச் சொல்லுத?" என்றாள். ஒளித்துச் சொன்ன புகழ்ச்சி அரிசிக்குள் கிடந்த மெடல் மாதிரி யாருக்கும் உதவவில்லை, வடிவு ஒரு நூல் உயரம்கூட ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அதிகாரிகள் இரண்டு காரில் வந்தார்கள், வரும்போதே வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள், ஊர் முழுக்கக் கடைக்குள்ளும் வெளியிலுமாக நெருக்கிக்கொண்டு நின்றது. தூத்துக்குடி பஸ் வருகிற நேரம். வடிவு பையை மாட்டிக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள், கல்லா மேசைக்குமேல் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது, சட்டை முழங்காலைத் தாண்டித் தொங்கியது.

"நான் போகலம்மா" என்றாள். "அங்க எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு வராதுன்னு நீதான் சொல்லியிருக்கியே."

பேராச்சி மடியிலிருந்து ஒரு பிடி உப்பும் இரண்டு வற்றலும் எடுத்து இடது கைக்குள் இறுக்கிக்கொண்டாள். மகளைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தெரியும், ஆகவே பாய்லரைப் பார்த்து நின்றுகொண்டாள். எபனேசர் சார் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து, வேண்டாம் என்று கையால் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள்.

"என் மகளை மாதிரி ஒரு பிள்ளை இந்தச் சீமையில கிடையாது" என்றாள். செருமிக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னாள். "அவ எந்திரிச்சு அடிச்சா அந்தப் பந்து எங்க போகுதுன்னு எனக்கே தெரியாது, வேலிக்குப் பின்னால நின்னு நான் பாத்திருக்கேன், முள்ளு குத்துதது தெரியாம நின்னு பாத்திருக்கேன், வீட்டுக்கு வந்ததும் பந்து வந்து கையில படுதுன்னு சொன்னேன், பொய் சொன்னேன். அவ குனிஞ்சு நடக்கையில எல்லாம் எனக்கு வயிறு எரியும், நான்தான் குனியச் சொன்னேன். என் மக உசரம். நான் பெத்தது. இதைவிட உசரமா ஒண்ணு இந்த மந்தையில நின்னது கிடையாது, நாலு எஞ்சின் வச்சதும் கிடையாது."

கண்ணாடிப் பெட்டி அப்போதுதான் விரிசல் விட்டது. விமானத்துக்குக் கேட்டுவிட்டது, அதைப் பற்றிச் சொல்லவில்லை என்று அதற்கு யார் புரியவைப்பது, ஒரு நல்ல வார்த்தை காதில் விழுந்து எத்தனை நாளாகிறது அதற்கு. பிஸ்கட் பாட்டில்கள் ஒவ்வொன்றாக இறங்கி உருண்டன. அதிகாரிகள் சுருக்கிய மூக்கை விட்டுவிட்டு ஓடினார்கள். வால் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று, மூக்கு முன்பக்கத் தட்டியை வீழ்த்தியது, இறக்கைகள் இரண்டும் மெதுவாக, ஒரு ஆள் தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கிற மாதிரி, விரிந்து விரிந்து ஒன்று மந்தைக்கும் ஒன்று சாலைக்குமாகப் போய் நின்றன, பாய்லர் மட்டும் அவள் கையெட்டும் இடத்தில் அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது. பேராச்சி நிறுத்தவில்லை. சின்ன வயதில் வடிவு வரைந்த கோலம், பாய்லரை அவளே பிரித்துச் சரிசெய்தது, எல்லாவற்றையும் சொல்லிமுடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

திரும்பியபோது மகளின் முகம் எதிரில் இல்லை. சட்டைப் பித்தான்தான் எதிரில் இருந்தது. அண்ணாந்தாள்.

"அம்மா" என்றாள் வடிவு மேலேயிருந்து. "உனக்கு உச்சியில நரைச்சிருக்கும்மா. நான் பாக்கவே இல்ல."

எபனேசர் சார் வழக்கமான இடத்தில், விமானத்தின் வயிற்றுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தார். டேப்பை விரித்து அளந்துகொண்டிருந்தார், விரலில் அதற்குள் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. எஞ்சினைச் சுற்றி ஒரு குளவி ரீங்காரமிட்டது.

"பழையபடி ஆயிட்டுதா சார்?" என்று கேட்டாள் பேராச்சி.

"பழைய அளவைவிட ஒரு சாண் கூட இருக்கும்மா" என்றார் அவர்.

"அது என் கைப்பிசகு" என்றாள் அவள். அவருக்குச் சர்க்கரை கூடப் போட்டு ஒரு டீ கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, முதலில் வாலிலிருந்து பெயிண்டை ஆரம்பிப்பதா மூக்கிலிருந்தா என்று யோசிக்கத் தொடங்கினார், இத்தனை மாதமாக அவர் முகத்தில் இல்லாத ஒரு களை வந்திருந்தது. கூரைபோன பெஞ்சுகளின்மேல் இறக்கையின் நிழல் விழுந்தது. ஊர் அதில் போய் உட்கார்ந்தது, அந்த அண்ணன் தம்பி மட்டும் அவ்வளவு இடம் இருந்தும் தொடை இடிக்கத்தான் உட்கார்ந்தார்கள்.

பஸ் இறக்கைக்கு அடியில் வந்து நின்றது. வடிவு பையைத் தோளில் ஏற்றினாள். படிக்கட்டை நெருங்கியதும் பழக்கத்தில் பேராச்சியின் வாய் குனி என்று சொல்ல எழுந்தது, அதை விழுங்கிவிட்டு, "நிமிந்து போ" என்றாள். வடிவு அம்மா சொன்னதைக் கேட்கிற பிள்ளை, நிமிர்ந்தே ஏறினாள், வாசல் கம்பியில் நெற்றி ணங்கென்று இடித்தது, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பஸ் அதிரச் சிரித்தாள், அவள் அப்படிச் சிரித்து ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

கண்டக்டர் விசில் ஊதப் போனவர் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். "யாத்தே, எத்தா உசரம்!"

ஊர் திரும்பிப் பேராச்சியைப் பார்த்தது. அவள் இடது கை இறுகியிருந்தது.

"ஆமா" என்றாள் பேராச்சி. "உசரந்தான். என் மகள்லா."

பஸ் போயிற்று. பாலம் தாண்டி அது மறைகிறவரை நின்றுவிட்டுக் கையை விரித்துப் பார்த்தாள், உப்பு முழுக்க வியர்வையில் கரைந்துபோயிருந்தது, இரண்டு வற்றல் மட்டும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவற்றைக் கழுவிக் கிள்ளி வடை மாவில் போட்டாள்.